‘நாலு தட்டு’ திரைக்கதையில் நான் திணித்த பதினேழு பக்கங்கள்

கவரைப்பேட்டை
திருவள்ளுவர் ஆண்டு 2056, ஆடி 12, திங்கட்கிழமை

என் அருமை மகள் பூமிகாவிற்கு,

மேடை ஏறினால் பெருமக்களே என்றும் தாய்மார்களே என்றும் ஆயிரம் பேரை விளிக்கும் நான் இன்று உன் ஒருத்தியை விளிக்கிறேன், கேள். யார்மீது என்ன முறையீடு என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன் என்பது உனக்குத் தெரியும், இன்றும் அந்த முறையை மாற்றவில்லை. உன் திரைக்கதை வடபழனியில் திருப்பி அனுப்பப்பட்டதற்குக் காரணம் நீ இல்லை, நான். குற்றம் செய்தவன் உன்னைப் பெற்றவன், பெயர் கலியன், சாட்சிகள் இருக்கிறார்கள், மறுப்பதற்கு என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. இந்த மடலைப் படித்து முடிக்கும்வரை எழுந்து போய்விடாதே.

மும்பையில் மழை விடாமல் கொட்டுகிறது என்று செய்தியில் கண்டோம், நீ காய்ச்சல் ஏதுமின்றி இருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னதில் எனக்கு ஆறுதல். இங்கே நாங்களும் உடலளவில் நலமே. உன் அம்மா கெங்கம்மாளுக்கு முழங்கால் வலி முன்னைவிடக் குறைந்திருக்கிறது, அண்ணன் மோகன்ராஜுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் மறுபடியும் பணிநேரத்தை மாற்றிவிட்டார்கள், அவன் வீட்டுக்குள் வரும்போது நான் கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன், ஒருவர் முகத்தை ஒருவர் வாசலில் பார்த்துக்கொள்வதோடு சரி. நீ அங்கே குழந்தைகளின் பொம்மைப் படங்களுக்கு வாயசைவு பார்த்துத் தமிழில் உரையாடல் எழுதுகிறாய் என்பதை இந்த ஆறு ஆண்டுகளில் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. கேட்டவர்களிடமெல்லாம் மகள் மொழிபெயர்ப்புத் துறையில் உயர்பொறுப்பில் இருக்கிறாள் என்றே சொல்லிவந்தேன். பேசும் முயலுக்கும் பறக்கும் யானைக்கும் வசனம் எழுதுவது கலியன் மகளுக்கு இழுக்கு என்று எண்ணினேன். அப்படி எண்ணியதற்காகவும் இன்று நாணுகிறேன், ஆனால் அது சிறியது, பெரியதைச் சொல்கிறேன்.

தை மாதம் நீ ‘நாலு தட்டு’ திரைக்கதையை ஜெகனின் தட்டச்சுக் கடைக்கு மின்னஞ்சலில் அனுப்பி, வடபழனிப் படநிறுவனத்தில் கதை தேர்ந்தெடுக்கும் விக்டோரியா அம்மையார் தாளில்தான் படிப்பாராம், அச்செடுத்துக் கட்டி நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள் அப்பா என்று என்னைக் கேட்டுக்கொண்டாய். என்னை நம்பி ஒப்படைத்த முதல் வேலை அது. ஜெகன் ஒரு படியை அச்செடுத்து என் கையில் கொடுத்தான், கடையிலேயே உட்கார்ந்து படித்தேன், படிக்கப் படிக்க எனக்குக் கை துறுதுறுத்தது. தொழிற்பேட்டையில் ஒரு குடும்பம், அப்பாவுக்கு ஒரு பணிநேரம், அம்மாவுக்கு வேறொன்று, மகனுக்கு இன்னொன்று, பள்ளிக்குப் போகும் சிறுமி ஒருத்தி, நால்வரும் ஒரே வேளையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அந்தச் சிறுமி படும் பாடுதான் கதை. இவ்வளவு பெரிய உழைப்பாளர் சிக்கலை எடுத்துக்கொண்டு இவள் ஓர் இடத்தில்கூட முழங்கவில்லையே என்று எனக்குத் தோன்றிற்று. இரும்பு பற்றவைக்கும் அப்பன் கண் எரியாமலிருக்கத் தன் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கும் காட்சி உழைப்பாளியை எள்ளுவதாகப் பட்டது, ஜெகனிடம் நீக்கச் சொல்லிவிட்டேன். அவர்கள் பேசும் பேச்சை எல்லாம் திருத்தமான தமிழாக்கினேன். தலைப்பையும் விட்டுவைக்கவில்லை, ‘ஒன்றிணைந்து உண்போம்’ என்று மாற்றினேன்.

எல்லாவற்றையும்விடக் கொடியது ஒன்று உண்டு. நான்கு தட்டு வைத்து அந்தத் தாய் காத்திருக்கிறாள், அவளையும் சிறுமியையும் தவிர யாரும் வரவில்லை, அந்தப் பக்கத்தில் நீ எழுதியிருந்தது இவ்வளவே: ‘அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தட்டை எடுத்துக் கவிழ்த்து வைக்கிறாள்.’ அதற்குக் கீழே பாதித் தாள் வெறுமையாய்க் கிடந்தது. எழுத வராமல் விட்டுவிட்டாய் என்று நினைத்தேன் மகளே, நீ திணறி நின்ற இடத்தில் தந்தை கைகொடுக்க வேண்டாமா என்று நினைத்தேன். அந்த வெறுமையில் இரண்டரைப் பக்கத்துக்கு அவளைப் பேசவைத்தேன், எட்டு மணி நேர வேலை எப்படிப் பெற்ற உரிமை என்பதிலிருந்து தொடங்கி மகளிர் விடுதலை வரைக்கும், மூச்சு விடாமல். அப்படியே மொத்தம் பதினேழு பக்கம் என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஜெகன் தட்டச்சிட மனமின்றி, ஐயா, பூமிகாவாண்ட ஒரு வார்த்த கேட்டுக்கினீங்களா, அது எழுதுனதாச்சே என்றான். கேட்டால் நீ தடுப்பாய் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது, அதனால்தான் கேட்கவில்லை. உன் பெயரை அட்டையில் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் இது என் மகள் எழுதியது என்று மார்தட்டிக்கொண்டு வேறு வந்தேன்.

சித்திரையில் அவர்களிடமிருந்து உனக்கு ஒரே வரியில் பதில் வந்தது, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற உயிர் இதில் இல்லை என்று. கொடுத்தபோது ஏதாவது சொன்னார்களா அப்பா என்று தொலைபேசியில் நீ கேட்டாய், ஒன்றும் சொல்லவில்லை, திரையுலகமே அப்படித்தான் என்று நான் விடை சொன்னேன். அந்த ஒரு வரி யாருடைய பக்கங்களுக்கு வந்தது என்பது எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். ஆனாலும் அவர்களுக்குச் சுவை இல்லை என்று சொல்லிக்கொண்டு மூன்று மாதம் நன்றாகவே உண்டேன், உறங்கினேன், ஊர் ஊராகப் போய் நேர்மையைப் பற்றி முழங்கினேன். பிறகு நீ உன் அம்மாவிடம், இனிமே சொந்தமா எழுதமாட்டேம்மா, அப்பாக்கு இருக்குற கை எனக்கு இல்ல, பொம்மைப் படமே போதும் என்று சொன்னதாக அவள் வந்து சொன்னபோது நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

சென்ற புதன்கிழமை பிற்பகல் கும்மிடிப்பூண்டியில் ஒரு கொடியேற்று விழா முடித்துவிட்டு நம்மூர்ப் பக்கத்து ஆரணிக் கூட்டத்துக்குப் போகவேண்டி நின்றேன், பேருந்து வரவில்லை. ஜெகன் மனைவி ஆரோக்கியமேரி வேலை செய்யும் தொழிற்சாலையின் வண்டி முதல் பணிநேரம் முடித்த பெண்களை ஏற்றிக்கொண்டு அந்த வழியே வந்தது, என்னைப் பார்த்துவிட்டு அவள் நிறுத்தச் சொல்லி ஏற்றிக்கொண்டாள். ஓட்டுநருக்குப் பின்னால் இடம் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் பின்னாலிருந்து, யக்கா, நேத்து உட்ட எடத்துலேர்ந்து படி என்று ஒருத்தி சொன்னாள். ஜெகன் முதலில் அச்செடுத்த படி, என் திருத்தத்துக்கு முந்தைய உன் படி, கடையில் கிடந்ததை ஆரோக்கியமேரி எடுத்துவந்து வண்டியில் நாளுக்குச் சில பக்கமாகப் படித்துக்காட்டி வருகிறாளாம். படிப்பது என்றா சொன்னேன், நடிக்கிறார்கள் மகளே. அவள்தான் தாய், ஒல்லியான பெண்ணொருத்தி அந்தச் சிறுமி. யம்மா, நைனா எங்க கீறாராம்? ரயிலு கேட்டாண்ட கீறாராம். காலைலயும் கேட்டாண்டதானே இருந்தாரு! இந்த இடத்தில் வண்டியே அதிர்ந்தது, ஓட்டுநர் திரும்பாமலே, எங்கூட்லயும் அதே கேட்டுதாம்மா, ஏழு வருசமா தாண்டல நானு என்றான். அந்த வெங்காயக் காட்சி வந்தபோது ஒருத்தி சிரிப்பை அடக்கமாட்டாமல் முன்னிருக்கையில் தலையை முட்டிக்கொண்டாள், எங்க லைன் சூப்பர்வைசருக்கு இத மாட்டி உடணும்டி என்றாள் இன்னொருத்தி. ஆயிரம் கூட்டங்களில் கைதட்டு வாங்கியவன் நான், அப்படி ஒரு சிரிப்பை ஒருநாளும் வாங்கியதில்லை.

பிறகு அந்தப் பக்கம் வந்தது. ஆரோக்கியமேரி, அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்று படித்தாள், இரண்டு தட்டை எடுத்துக் கவிழ்த்து வைக்கிறாள் என்று படித்தாள், நிறுத்தினாள். வெகுதூரம் போனபின்தான் அந்த ஒல்லிப் பெண், இன்னாக்கா, அவ்ளோதானா, அந்தம்மா திட்டலையா என்று கேட்டாள். திட்டுனா சண்ட போட்டு முடிஞ்சிரும்டி, இது முடியாது என்றாள் ஆரோக்கியமேரி. நான் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஊராருடைய எட்டு மணி நேரத்துக்காகப் பேசப் போய்விட்டு எத்தனை மாலை நான் வீடு திரும்பாதிருந்தேன், உன் அம்மா என் தட்டை எத்தனை முறை கவிழ்த்து வைத்திருப்பாள், அவள் பக்கத்தில் உட்கார்ந்து நீ அதைப் பார்த்திருக்கிறாய். பார்த்து, ஒரு குறைச்சொல் இல்லாமல் இரண்டே வரியில் எழுதியிருக்கிறாய். அந்த இரண்டு வரிமேல்தான் நான் ஏறி நின்று சொற்பொழிவு ஆற்றியிருக்கிறேன். இறங்கும்போது ஆரோக்கியமேரி, ஐயா, நம்ம பூமிகா எழுதுனதுதான் இது, படம் எப்ப வருது, எங்க லைன்ல எல்லாரும் கேட்டுக்கினே கீறாங்க என்றாள். வரும் என்று சொன்னேன். ஆரணிக் கூட்டத்தில் ஐந்து நிமிடத்துக்குமேல் பேச முடியவில்லை, தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி இறங்கினேன், அதுவும் பொய்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிமிரவேயில்லை. என்னாண்ட சொல்லி இன்னா ஆவறது, ஊரெல்லாம் மைக்கப் புடிச்சிப் பேசுறியே, பெத்த பொண்ணாண்ட பேச வாய் வர்லியா என்று மட்டும் கேட்டாள். வியாழனன்று மூன்று முறை உன்னை அழைத்தேன், மூன்று முறையும் மழையைப் பற்றியே பேசிவிட்டு வைத்தேன், நீயே வியந்திருப்பாய். சனிக்கிழமை உன் மூலப்படியை எடுத்துக்கொண்டு வடபழனிக்குப் போனேன். விக்டோரியா அம்மையார் வயதில் இளையவர், என்னை உட்காரவைத்துக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன், ஓர் அலுவலகத்தில் நான் தலைகுனிந்து பேசியது அதுவே முதல்முறை. அவருக்கு நினைவிருந்தது. அந்த அம்மா பேசுற இடமா, மூணாவது வரியிலயே மூடி வச்சிட்டேன் சார் என்றார். மூலப்படியை நீட்டினேன், வாங்கவில்லை. தப்பா எடுத்துக்காதீங்க, இன்னொரு தடவ உங்க கையால வாங்கமாட்டேன், எழுதினவங்க எனக்கு எழுதணும், வெள்ளிக்கிழமைக்குள்ள அவங்க மெயில் வந்தா படிக்கிறேன், அதுக்கு மேல இந்த வருஷத்துக்கு எங்க பட்டியல் மூடிடும், படிக்கிறேன்னுதான் சொல்றேன், எடுக்கிறேன்னு சொல்லல என்றார். அவர் சொன்னது முறை. அவர் முகவரியை மட்டும் எழுதி வாங்கிவந்தேன், இந்த மடலின் பின்பக்கத்தில் இருக்கிறது.

அஞ்சலில் போட்டால் வெள்ளிக்குள் வந்துசேருமோ என்னவோ, ஆகையால் ஜெகன் ஒவ்வொரு தாளாகப் படமெடுத்து உன் கைப்பேசிக்கு இப்போதே அனுப்புகிறான், மூலத்திரைக்கதையையும் அவனே மின்னஞ்சலில் அனுப்புவான், நீ உன்னிடம் இருந்ததை அழித்துவிட்டதாக அம்மா சொன்னாள். அதில் ஓர் எழுத்தையும் நான் தொடவில்லை என்பதற்கு அவனே சான்று, வேண்டுமானால் அவனைக் கேட்டுக்கொள். இந்த மடலை விக்டோரியா அம்மையாரிடம் காட்ட விரும்பினால் காட்டு, என் கட்சிக்காரர்களிடம் காட்ட விரும்பினாலும் தடையில்லை. என் கை உனக்கு இல்லை என்று சொன்னாயே, இல்லாமலே இருக்கட்டும். வண்டி நிறைய வேலை முடித்துக் களைத்த பெண்களைச் சிரிக்கவும் வாய்மூடி இருக்கவும் வைத்த கை அது, தாயும் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் படத்துக்கு அந்தக் கைதான் வேண்டும். இனி நீ எழுதுவதைப் படமாக்கி முடிக்கும்வரை என்னிடம் காட்டாதே, நான் கெஞ்சிக் கேட்டாலும் காட்டாதே.

நீ நீடு வாழ்க, உன் எழுத்து உன் எழுத்தாகவே வாழ்க. என்மீது சினந்துகொள், திட்டு, ஓராண்டு பேசாமல் இரு, அதற்கெல்லாம் காலம் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குத்தான் காலம் இல்லை. மன்னிப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு வைத்துக்கொள். ஆறப்போட்டு எழுதலாம் என்று இராதே, யாரையும் கருத்துக் கேட்காதே, என்னையும் கேட்காதே. கைப்பேசியைக் கீழே வை, கணினியைத் திற, உன் பெயரில், உன் திரைக்கதையை, விக்டோரியா அம்மையாருக்கு அனுப்பு. நாளை இல்லை மகளே, இன்று. இப்போதே.

உன்னிடம் தலைகுனிந்து நிற்கும் தந்தை,
கலியன்