நாற்பத்திரண்டு மாடி

மார்ச் 3, ஞாயிறு

முப்பது வாளித் தண்ணீர் ஊற்றி அறையைக் கழுவினேன். சரி, மூன்று.

அக்கா, அத்தான், அக்கா மகள் பாப்பா மூவரும் செவ்வாய்க்கிழமை வருகிறார்கள். பத்து நாள் ஊர் சுற்றிப் பார்க்கிறார்கள். இருபத்திரண்டு வருஷம் இந்த ஊரில் குப்பை கொட்டியிருக்கிறேன், சந்து பொந்தெல்லாம் எனக்கு அத்துப்படி. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன்தான், ஆனால் சுற்றிக்காட்டும் திட்டத்தை ஒரு மந்திரி எழுதியது போல எழுதி வைத்துவிட்டேன்.

இடுப்பு பெல்ட், கொக்கி, ரப்பர் துடைப்பான் மூன்றையும் பழைய துண்டில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டிக்குள் தள்ளியாயிற்று. அக்கா வீட்டில் நான் கண்ணாடிப் பிரிவு அதிகாரி. நாற்பத்திரண்டு மாடிக் கட்டடம், எதிரே முழுக்கக் கண்ணாடி, நல்ல காற்றோட்டம் என்று சொல்லியிருக்கிறேன். இதில் பொய் எங்கே? கயிற்றில் தொங்கும் தொட்டியில் நின்று வெளிப்பக்கம் துடைத்தால் காற்று வராமலா இருக்கும்? அதிகாரி என்பது மட்டும் ஒரு பிடி கூடுதல்.

மார்ச் 5, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ரயிலிலிருந்து மூட்டை இறங்குகிறது, இறங்குகிறது, நிற்கவே இல்லை. ஏழு உருப்படி. பத்து நாளுக்கு எதற்கு அரிசி டப்பாவும் தலையணையும்? அத்தான் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். எங்கே ஏறினாலும் ஆள் எண்ணாமல் உட்கார மாட்டார். ஆட்டோவில் ஏறியதும் "நாலு, சரியா இருக்கு" என்றார். அறைக்கு வந்ததும், பத்திரமாக வை என்று திரும்பிப் போகும் டிக்கெட்டை என்னிடம் கொடுத்தார்.

இரண்டு டிக்கெட்.

மூன்றாவது எங்கே என்று கேட்டேன். அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "என்னடா கேள்வி இது? நீதானே உங்க கம்பெனியில வேலை ரெடின்னு சொன்னே. அவ அங்க வேலையை விட்டுட்டா."

எப்போது சொன்னேன்? யோசித்து யோசித்துப் பார்த்தேன். மூன்று மாதத்துக்கு முன் போனில், நல்ல குஷியில் இருந்தபோது, "பாப்பா வந்து நின்னா போதும், நான் சொன்னா சொன்னதுதான்" என்று விட்டிருக்கிறேன். வாயா இது! அவள் ஆறு வருஷமாக ஒரு பட்டறையில் லாரிச் சரக்கு கட்டும் பட்டையும் பள்ளிக்கூடப் பைக்கு வாரும் தைத்தவள். என் ஒரு வார்த்தைக்காக மிஷினை விட்டு எழுந்து வந்திருக்கிறாள்.

நாளை சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 6, புதன்

சொல்லவில்லை. ஊர் சுற்றினோம்.

பூமிக்கு அடியில் போகும் ரயிலைக் காட்டுகிறேன் என்று முன்னால் நடந்தேன். நகரும் படியில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். அதைப் பார்த்துச் சிரித்த நான் இறங்கும்போது என் செருப்பையே விட்டுவிட்டேன். நூலகம் போகிற ரயில் என்று ஏற்றினேன். கடைசியில் வெறும் ரயில்களாக நிறுத்தியிருந்த ஒரு கொட்டகையில் போய் நின்றது. "டெர்மினஸ்ல கொண்டுவந்து நிறுத்திட்டே மச்சான்" என்றார் அத்தான். அது சுற்றுலாக்காரர்களுக்குத் தெரியாத இடம், வேண்டுமென்றேதான் கூட்டி வந்தேன் என்றேன். பாப்பா போனைப் பார்த்து எங்களைத் திருப்பிக் கூட்டிப்போனாள்.

உட்கார்ந்து எழுதும்போதுதான் உறைக்கிறது. நான் அந்த ரயிலில் ஏறியது இன்றுதான் முதல் தடவை. விடிந்தால் கம்பெனி வேன் வருகிறது, கட்டடத்தடியில் இறக்குகிறது, சாயங்காலம் அறைக்கு முன்னால் கொண்டுவந்து விடுகிறது. இருபத்திரண்டு வருஷத்தில் இந்த ஊரை மேலேயிருந்துதான் பார்த்திருக்கிறேன். தரையில் ஒன்றும் தெரியவில்லையே எனக்கு!

மார்ச் 7, வியாழன்

என் கட்டடத்தைக் காட்டச் சொல்லி அக்கா பிடிவாதம். எதிர்ச் சாரியில் நிறுத்தி, அதோ என்றேன். அத்தான் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு உதடு அசைய அசைய எண்ணினார்.

"இருபத்தாறுதான் வருது மச்சான்."

மீதி பதினாறு தரைக்கு அடியில் என்றேன். எப்படி அது வாயில் வந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

உங்கள் ரூம் எது மாமா என்றாள் பாப்பா. பதினேழாவது மாடியில் ஒரு ஜன்னலைக் கை காட்டிவைத்தேன். அந்த நேரம் பார்த்து அங்கே ஒரு அம்மாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அது என் உதவியாளர், செடி என்றால் உயிர், வியாழக்கிழமை தவறாமல் தொட்டியை வெயில் பக்கம் திருப்பி வைப்பார் என்றேன். செடி விஷயம் நிஜம். அந்த அம்மாளுக்கு என் பெயர்கூடத் தெரியாது.

அத்தோடு போயிருக்கலாம். வாசல் வரை கூட்டிப்போனேன், புத்தி. வாட்ச்மேன் என்னைக் கண்டதும், "நீங்க லீவுன்னாங்களே? பின் கேட் வழியா வாங்க, இந்தப் பக்கம் உங்களை விட்டா என்னைத் திட்டுவாங்க" என்றான். அதிகாரிகளுக்குத் தனி வழி என்று அக்காவிடம் விளக்கினேன். அக்கா தலையாட்டினாள். அத்தான் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தார். அவர் போட்டிருந்தது செருப்பு.

மார்ச் 8, வெள்ளி

கால் வலி என்று படுத்துவிட்டேன். பாப்பா வேலைக்குப் போட்டுக்கொள்ள ஒரு புதுச் சட்டையை மடித்து வைக்கிறாள். சொல்லடா. சொல்.

மார்ச் 9, சனி

எழுத்து கோணல்மாணலாக வருகிறது, வரட்டும்.

மத்தியானம் கடைக்குப் போய்விட்டு வந்தேன். பாப்பா தரையில் உட்கார்ந்திருந்தாள். போர்வை தேடித் தகரப் பெட்டியைத் திறந்திருக்கிறாள். மடியில் என் பெல்ட். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கொக்கி வளையத்தை மடித்துத் தைத்திருக்கும் இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நூல் மாவு மாதிரி உதிர்ந்தது.

"மாமா, இது யாரோடது?"

கூட வேலை செய்கிறவருடையது, வைத்துக்கொள்ளச் சொன்னார் என்றேன்.

"அவருக்கு உடனே போன் பண்ணுங்க. இதைக் கட்டிக்கிட்டு ஏற வேணாம்னு சொல்லுங்க."

அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

"இப்பவே மாமா. வெளியில பார்த்தா நல்லாத்தான் இருக்கும். உள்ளே நூல் மொத்தமும் இத்துப்போயிருக்கு. வெயிலும் சோப்புத் தண்ணியும் பட்டுப் பட்டு. நான் தைச்ச பட்டை இப்படி இருந்தா மூட்டை கட்டக்கூடக் குடுக்க மாட்டேன்."

போனை எடுத்தேன். யாருக்குப் போடுவது? என் நம்பரையே அழுத்தினேன். காதில் வைத்துக்கொண்டு நின்றேன், அவர் எடுக்கவில்லை என்றேன். அவள் எழுந்து செருப்பை மாட்டிவிட்டாள்.

"அவர் வீடு எங்க? வாங்க, நேர்ல போயிடலாம். அவருக்கும் வீட்ல ஆளுங்க இருப்பாங்க இல்ல?"

இருபத்திரண்டு வருஷமாக எவ்வளவோ அளந்திருக்கிறேன். ஒரு தடவைகூட வாய் அடைத்ததில்லை. இன்று அடைத்துவிட்டது. அடுப்படியிலிருந்து அக்கா வந்து நின்றாள்.

"அது நான்தான்" என்றேன்.

பாப்பா கொக்கியை ஜன்னல் கம்பியில் மாட்டினாள், பட்டையை அத்தான் கையில் கொடுத்தாள். அத்தான் சுவரில் காலை உதைத்துக்கொண்டு ஒரே இழுப்பு. டப். அத்தான் தலையணை மேல் போய் விழுந்தார். கொக்கி மட்டும் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது.

போன வாரம் வரை அதில் நான் தொங்கினேன். இருபத்தாறாவது மாடியில். அறுபத்தைந்து வயசு மனுஷன் ஒரே இழுப்பில் பிய்த்துவிட்டாரே அதை!

அக்கா திட்டுவாள் என்று பார்த்தேன். என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள், சின்னப் பையனோடு ரோடு தாண்டுகிறவள் மாதிரி. சாயங்காலம் வரை விடவில்லை.

கடைசியில் பாப்பாதான் கேட்டாள். "அப்ப எனக்கு வேலை?"

இல்லை என்றேன்.

"ஆறு வருஷம் உட்கார்ந்த மிஷின் மாமா. இப்ப வேற ஒருத்தி உட்கார்ந்திருக்கா." அவ்வளவுதான் சொன்னாள். மடித்து வைத்த சட்டையை எடுத்து மூட்டைக்கு அடியில் வைத்தாள்.

மார்ச் 10, ஞாயிறு

மிருகக்காட்சிசாலைக்குப் போவதாக இருந்தது. போகவில்லை. பாப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மத்தவங்க பெல்ட் எல்லாம் எப்ப வாங்கினது?" எல்லாம் ஒரே நாளில் வாங்கினதுதான் என்றேன்.

மார்ச் 11, திங்கள்

வேனில் அவளும் வந்தாள். பின் கேட் வழியாகத்தான்.

யாரிந்தப் பொண்ணு என்றார் மேஸ்திரி. பட்டைச் சோதனை நிபுணர், வெளியூரிலிருந்து வரவழைத்திருக்கிறேன் என்று பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. பாப்பா என்னை முறைத்துவிட்டு, "பட்டை தைக்கிறவ. ஆறு வருஷம்" என்றாள்.

என்னைச் சேர்த்துப் பதினாலு பேர். என்னுடையது போக மீதிப் பதின்மூன்று பெல்ட்டையும் தரையில் வரிசையாகப் போட்டாள். மடிப்பை விரித்தாள், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள், நகத்தால் சுரண்டினாள். நல்லது இந்தப் பக்கம், கெட்டது அந்தப் பக்கம். மூன்றோ நாலோ போகும் என்று நினைத்திருந்தேன். அந்தப் பக்கம் ஒன்பது சேர்ந்தது. இதில் நான் ஒன்றுகூட கூட்டவில்லை, சத்தியமாக ஒன்பது.

மேஸ்திரி குதித்தார். வேலை நின்றால் யார் பதில் சொல்வது, தையல்காரி சொன்னாள் என்று மேலே போய்ச் சொல்லவா என்றெல்லாம் கத்தினார். பாப்பா ஒரு பெல்ட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "நீங்க கட்டிக்கிட்டு ஒரு தடவை ஏறி இறங்குங்க சார். நான் போயிடறேன்."

மேஸ்திரி அதைப் பிடித்தபடியே நின்றார். என்னோடு ஒரே தொட்டியில் நிற்கும் ஒல்லி, கெட்ட குவியலில் தன்னுடையது கிடப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குப் போன வாரம்தான் பெண் குழந்தை. அவன் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். யாரும் ஏறவில்லை.

வேலை போய்விடும். எனக்கும் சேர்த்து. பரவாயில்லை என்று ஒரு நினைப்பு வருகிறது. இப்படி நினைக்கிறவனா நான்?

மார்ச் 13, புதன்

கம்பெனியிலிருந்து ஒருவர் காரில் வந்தார். பத்துக் கார். இல்லை, ஒன்று. பிய்ந்த என் பெல்ட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பாப்பாவைக் கூப்பிட்டு அரை மணி நேரம் கேள்வி கேட்டார். நான் நடுவில் புகுந்து ஒன்றும் சொல்லவில்லை. ஒல்லிதான் என் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தான்.

பத்து பெல்ட் புதிது வருகிறது. கம்பெனிக்கு இந்த ஊரில் ஐந்து கட்டடம் இருக்கிறதாம். எல்லா பெல்ட்டையும் கயிற்றையும் தினமும் பார்க்க ஒரு ஆள் வேண்டும், நாளை மறுநாளிலிருந்து வா என்றார் அவளிடம்.

வெளியே வந்து அவள் முகத்தையே பார்த்தேன். "நீங்க வாங்கிக் குடுத்ததுன்னு ஊர்ல சொல்லக் கூடாது" என்றாள். சிரிக்கவில்லை. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு முதலில் பரிமாறினாள்.

மார்ச் 14, வியாழன்

அக்காவும் அத்தானும் கிளம்பினார்கள். மிருகக்காட்சிசாலையும் பார்க்கவில்லை, பாலமும் பார்க்கவில்லை. ஒன்றும் காட்டவில்லையே அக்கா என்றேன். "பார்க்க வேண்டியதைப் பார்த்தாச்சுடா" என்று என் சட்டை நுனியை ஒரு தடவை பிடித்து விட்டாள்.

அத்தான் ஏறி உட்கார்ந்து, "ரெண்டு, சரியா இருக்கு" என்றார். பிறகு ஜன்னல் வழியாக எங்களையும் எண்ணினார்.

ஏப்ரல் 2, செவ்வாய்

இன்று எல்லார் முன்னாலும் பாப்பா என்னை வரிசையிலிருந்து வெளியே நிறுத்தினாள். என் கொக்கியின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதாம். மாற்றிக்கொண்டு வந்த பிறகுதான் விட்டாள். சொந்த மாமன் என்று ஒரு இரக்கம் கிடையாது. ஒல்லியிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தானாம்.

பதினேழாவது மாடியில் செடி பூத்திருக்கிறது.

சாயங்காலம் வழக்கம்போல அத்தான் போன். பாப்பா கை வேலையாக இருந்தாள், நான் எடுத்தேன். நலமா, சாப்பிட்டாயா, ஒன்றும் கிடையாது அவரிடம்.

"இன்னிக்கு ஏறினது எத்தனை?"

"பதினாலு."

"இறங்கினது?"

இருபது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"பதினாலு" என்றேன். வைத்துவிட்டார்.