பூட்டாத இணைப்பு

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெக்கை. எண்ணூர் ரோட்டில் லாரி வரிசை, கன்டெய்னர் யார்டுக்கு நாற்பது நிமிடம் தாமதம்.

எங்கள் யார்டு சர்வருக்கும் ராயபுரம் ஆபீஸ் சர்வருக்கும் நடுவே உள்ள இணைப்பு இன்னும் திறந்தே கிடக்கிறது. பாஸ்வேர்டுகூட மறைக்காமல் போகிறது. நடுவில் எவனாவது அதை எடுத்தால், ஆபீஸ் அனுப்பியது போலவே கன்டெய்னருக்கு வெளியே போகும் அனுமதி போட்டுவிடலாம். பூட்டுவதற்கு எல்லாம் தயார். இரண்டு சர்வரையும் அரைமணி நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். மேனேஜரிடம் மூன்றாவது முறை கேட்டேன். இப்போது வந்திருக்கும் கப்பல் போகட்டும், பிறகு நிறுத்தலாம் என்றார்.

வாங்க: இட்லி மாவு, அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

ஜூன் 11, புதன்

ஒரு கன்டெய்னரைக் காணோம். கேட்டில் இருந்தது தேவி அக்கா. வியாசர்பாடிக்காரர், பதினோரு வருட சர்வீஸ். திரையில் அனுமதி வந்தது, லாரியை விட்டேன் என்கிறார். ராயபுரம் சர்வரில் அப்படி ஒரு அனுமதியே இல்லை. அவரே கேட் கம்ப்யூட்டரில் அனுமதியைத் தட்டிவிட்டார் என்று பேச்சு.

“பச்சையா காட்டிச்சி, வுட்டேன். கம்ப்யூட்டர்ல இன்னா கீதுன்னு உனுக்குத் தெரியும்ல, சொல்லு” என்றார் என்னிடம்.



ஜூன் 12, வியாழன்

யார்டு சர்வரின் பதிவுகளைப் பார்த்தேன். அனுமதி வந்தது அந்த இணைப்பு வழியாக. கேட் கம்ப்யூட்டரிலிருந்து அல்ல. அக்கா எதையும் தட்டவில்லை.

அறிக்கை எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் இணைப்பு பற்றிய பத்தியை மட்டும் பேனாவால் அடித்தார். “லைன் தொறந்து கெடந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா ஒரு பார்ட்டியும் நிக்க மாட்டான். மொதல்ல உன்னத்தான் கேப்பாங்க.”

ராயபுரத்துக்கு நேராக மெயில் போட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

ராயபுரம் பதில், ஒரே வரி: மேனேஜர் மூலமாக அனுப்பவும்.

அக்கா சஸ்பெண்ட்.

மழை வருவது போல் இருட்டியது. வரவில்லை.

ஜூன் 14, சனி

சர்வர்களை நிறுத்த மேனேஜரின் அனுமதி தானாகவே வந்தது. அரைமணி கேட்டவளுக்கு ஒரு மணி நேரம். இருபது நிமிடத்தில் முடித்துவிட்டேன். இனி இரண்டு சர்வரும் ஒன்றையொன்று சரிபார்த்த பிறகே பேசும். லாரிகள் பேசாமல் நின்றன. ஒரு டிரைவர்கூட ஹாரன் அடிக்கவில்லை.

அக்கா டிபன் டப்பாவையும் மூக்குக் கண்ணாடியையும் எடுத்துப்போக வந்தார். வாசலில் செக்யூரிட்டி அவர் பையைச் சோதித்தார். மெயில் போட்டதைச் சொன்னேன். என்ன பதில் என்று கேட்டார். நான் லாரிகளைப் பார்த்தேன்.

பையைத் திறந்து என் பக்கம் நீட்டினார்.

“நீயும் பாத்துக்கோம்மா.”