லேப்டாப்பில் அஜிதாவின் பாதி

நவம்பர் 4, 2025, செவ்வாய்

அஜிதாவுக்குத் தேர்வுக்காரர்களிடமிருந்து மெயில் வந்திருக்கிறது. அயர்லாந்து போகிற நர்ஸுகள் எழுதும் ஆங்கிலத் தேர்வு. வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் புதிய விண்டோஸ் வேண்டுமாம். எங்களிடம் இருப்பது பழசு. சனிக்கிழமை மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இருப்பது ஒரே லேப்டாப். அதில் இரண்டு பாதி. ஆன் செய்ததும் இரண்டு வரி காட்டி எது வேண்டும் என்று கேட்கும். லினக்ஸ் என் பாதி, டியூஷன் வினாத்தாள்கள் எல்லாம் அதில். விண்டோஸ் அஜிதாவின் பாதி. இப்படிப் பிரித்துப் போட்டுக் கொடுத்தது அவள் தம்பி, என் மச்சினன் ஷைஜு. சார்ஜாவில் அவன் வைத்திருந்த லேப்டாப் இது. விண்டோஸைத் திறந்தால் இன்றைக்கும் அவன் பெயர்தான் வருகிறது. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. கல்ஃப் சாமான் என்றால் கொண்டுவந்தவன் பேரில்தான் இருக்கும். அவன் அம்மா, என் மாமி, தன் வீட்டு மிக்ஸியையே இன்னும் "ஷைஜுவுக்க மிக்ஸி" என்றுதான் சொல்கிறார்.

நவம்பர் 6, வியாழன்

மழை. பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. எங்கள் ஊர் அருவியில் குளிக்கத் தடை, அதனால் ரோட்டில் வண்டி குறைவு. ஒரு நல்ல காரியம்.

நவம்பர் 8, சனி

நாசமாப் போச்சு.

புதிய விண்டோஸ் ஏற வேண்டுமானால் லேப்டாப்புக்குள் இருக்கும் ஒரு பாதுகாப்புச் சிப்பைப் பழைய முறையிலிருந்து புதிய முறைக்கு மாற்ற வேண்டும் என்று வீடியோவில் ஒருவன் சொன்னான். போய் மாற்றினேன். பழையதை அழிக்கவா என்று ஒரு கேள்வி வந்தது. டியூஷன் பிள்ளைகள் வாசலில் வந்து நிற்கிறார்கள், எனக்கு அவசரம். ஆம் என்று அழுத்திவிட்டேன். என்னத்த அழிக்கப்போகுதுன்னு ஒரு நிமிசம் யோசிச்சிருக்கலாம்லா?

இப்போது விண்டோஸைத் தொட்டால் நீலத்திரை. நாற்பத்தெட்டு இலக்கச் சாவி கேட்கிறது. ஷைஜு ஆபீஸ் வேலைக்கு வைத்திருந்தபோது அந்தப் பாதியைப் பூட்டி வைத்திருக்கிறான். இத்தனை வருஷம் அந்தச் சிப்தான் தானாகத் திறந்து விட்டுக்கொண்டிருந்தது. அதன் ஞாபகத்தை நான் அழித்துவிட்டேன்.

என் பாதி ஜம்மென்று ஓடுகிறது. அஜிதா வந்து பார்த்தாள். "உங்க பாதிக்கு ஒண்ணும் ஆகல்ல, இல்லியா?" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

நவம்பர் 9, ஞாயிறு

குலசேகரத்தில் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் காட்டினேன். அந்தப் பாதியை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் அரை நாள் வேலை என்றார். அழிக்க முடியாதே. தேர்வைக்கூட யாராவது ஒருத்தர் லேப்டாப்பில் எழுதிவிடலாம். சான்றுக்கு எங்கே போக? எட்டு வருஷம் அவள் வேலை பார்த்ததற்கான சான்று. கொடுத்த ஆஸ்பத்திரியையே மூடியாகிவிட்டது. காகிதம் இரண்டாயிரத்து இருபத்தொன்றில் வீட்டுக்குள் வெள்ளம் ஏறியபோது போனது. அதற்குமுன் ஸ்கேன் செய்து வைத்தது அந்தப் பாதியில் மட்டும்தான் இருக்கிறது. மாதக் கடைசிக்குள் அதை ஏஜென்ஸியில் கொடுக்காவிட்டால் அயர்லாந்துப் பேச்சே கிடையாது.

சாவியின் நகல் ஷைஜுவின் அக்கவுண்டில் இருக்குமாம். திறக்க அவனுடைய சார்ஜா நம்பருக்கு ஓடிபி போகும். அதை அவன் சொன்னால் போதும்.

ஷைஜுவிடம் நான் கேட்கமாட்டேன். போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் வைத்து, "நாலு பிள்ளையளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கதுக்கு எதுக்கு அத்தான் ரெண்டு சிஸ்டம்?" என்று கேட்டானே, அன்றோடு பேச்சை விட்டேன். அஜிதா கேட்கட்டும், அவள் தம்பிதானே.

நவம்பர் 11, செவ்வாய்

ஓடிபி அனுப்பினோம். வரவில்லையாம்.

நவம்பர் 13, வியாழன்

மறுபடி அனுப்பினோம். டவர் இல்லையாம். முந்தாநாள் டியூட்டியில் போனை வெளியே வாங்கி வைத்துவிட்டார்கள் என்றான். இன்றைக்கு டவர். இதே ஆள் ஞாயிறுதோறும் வாட்ஸாப்பில் அக்காவிடமும் அம்மாவிடமும் மணிக்கணக்காகப் பேசுகிறான், அப்போது மட்டும் டவர் எங்கிருந்து வருகிறது?

வேண்டுமென்றே செய்கிறான். நான் வந்து கெஞ்ச வேண்டும் அவனுக்கு. பெரிய கல்ஃப்காரன்!

அஜிதாவிடம் இதைச் சொன்னேன். அவனைப் பற்றி இப்படியெல்லாம் பேசக்கூடாது என்று எழுந்து போனாள். ராத்திரி அவளுக்கு டியூட்டி. சாப்பாட்டுப் பாத்திரம் மேசைமேலேயே இருக்கிறது, எடுக்காமல் போய்விட்டாள்.

நவம்பர் 16, ஞாயிறு

கோயிலில் பாதிரியாரின் பிரசங்கம் காதில் ஏறவில்லை. ஒன்றை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன், வேறு எங்கே சொல்ல. அன்றைக்கு நீலத்திரையைப் பார்த்ததும் முதலில் பயம் வந்தது. அடுத்ததாக வந்தது நிம்மதி. அவள் போகமாட்டாள் என்கிற நிம்மதி. ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஆனால் வந்தது. எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

ஷைஜுவை நான் இனி எந்த வாயால் திட்ட?

நவம்பர் 18, செவ்வாய்

கூப்பிட்டுவிட்டேன். வாட்ஸாப்பில் கூப்பிட்டால் எடுக்கமாட்டான் என்று காசு போனாலும் போகட்டும் என நேரடியாக சார்ஜா நம்பருக்கே போட்டேன். முதலில் அரபியில் ஒரு பெண். பிறகு இங்கிலீஷில், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றாள். மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் அவள்தான்.

இல்லாத நம்பருக்கா இத்தனை நாள் ஓடிபி அனுப்பிக்கொண்டிருந்தோம்?

வாட்ஸாப்பில் போட்டேன். எடுத்தான். அவன் பின்னால் ஒரு பஸ் நிற்கிற சத்தம், கண்டக்டர் மலையாளத்தில் நெய்யாற்றின்கரை, நெய்யாற்றின்கரை என்று கூவுகிறான். சார்ஜாவில் ஏது நெய்யாற்றின்கரை பஸ்?

"ஏலே, நீ எங்க நிக்கிய?" என்றேன்.

அந்த பஸ் கிளம்பிப் போனது. பிறகு சொன்னான். "பாறசாலையில, அத்தான். டைல்ஸ் கடையில நிக்கேன். கம்பெனி பூட்டியாச்சு. மே மாசமே வந்துட்டேன்."

பாறசாலை. கேரள எல்லையில் களியக்காவிளை தாண்டினால் பாறசாலை. பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ஆறு மாதமாக அங்கே இருந்துகொண்டு அம்மாவிடம் சார்ஜா வெயிலைப் பற்றிப் பேசியிருக்கிறான். பழைய நம்பரில் வாட்ஸாப் மட்டும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நம்பர் இல்லை என்று சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். அதனால்தான் டவர், அதனால்தான் டியூட்டி.

திட்டுவதற்கென்று நான் சேர்த்து வைத்திருந்த ஒன்றும் வாயில் வரவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டேன்.

நவம்பர் 19, புதன்

அக்கவுண்டில் பழைய நம்பர் கையில் இல்லை என்று சொல்லி புது நம்பர் கொடுக்க வழி இருக்கிறது. பாஸ்வேர்ட் ஷைஜுவுக்கு ஞாபகம் இருந்தது. போனிலேயே இருவரும் செய்தோம். ஆனால் முப்பது நாள் காத்திருக்க வேண்டுமாம். திருட்டுப் பயம். எவன் திருடப்போகிறான் இந்த லேப்டாப்பை!

மாதக் கடைசிக்குள் சான்று போகாது. டிசம்பர் பத்தொன்பதுக்குத்தான் சாவி.

அஜிதாவிடம் சொல்லாதீர்கள், அம்மைக்குத் தெரியவே கூடாது, சாவி கிடைக்கும்போது நானே வந்து சொல்லுகேன் என்றான். சரி என்றுவிட்டேன். அஜிதா கேட்டதற்கு, அங்கே ஏதோ நெட்வொர்க் பிரச்சினை, முப்பது நாள் ஆகுமாம் என்றேன். அவனுடைய பொய்யை இப்போது நான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அதுவும் அவள் முகத்தைப் பார்த்து.

நவம்பர் 27, வியாழன்

கூட வேலை செய்கிற ஜெனிலாவின் லேப்டாப்பில் தேர்வு எழுதிவிட்டு வந்தாள். எப்படி என்று கேட்டேன். "எழுதியாச்சு" என்றாள். ஏஜென்ஸியில் மன்றாடி ஜனவரி ஆட்களோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். அதற்கும் சான்று வேண்டும். சாவி வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். வரும் என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ.

டிசம்பர் 10, புதன்

வினாத்தாள் போட உட்காரும்போதெல்லாம் இரண்டு வரிகளும் திரையில் வருகின்றன. கீழே இருக்கும் விண்டோஸைத் தொட்டுப் பார்க்கிறேன். அதே நீலம். தொடாமலும் இருக்க முடியவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

மத்தியானம் ஷைஜு மெசேஜ் போட்டான். சாவி கிடைத்துவிட்டது என்று. உடனே அனுப்பு என்று எழுதினேன். பதில் இல்லை. எனக்குப் பழைய கோபம் அப்படியே பொங்கிக்கொண்டு வந்தது. வாட்ஸாப்பில் ஒரு நிமிஷ வேலை, இதிலும் விளையாட்டா?

சாயங்காலம் டியூஷன் நடக்கும்போது வாசலில் வந்து நின்றான். மெலிந்திருக்கிறான். கையில் கல்ஃப் பெட்டியும் இல்லை, ஒரு பலகாரப் பொதிகூட இல்லை.

பிள்ளைகளை அனுப்பினேன். அஜிதா அடுக்களையிலிருந்து வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். அவன் நேராக லேப்டாப் பக்கம் போய் உட்கார்ந்து, "அடிங்க அத்தான்" என்றான். ஆறு ஆறு இலக்கமாகப் படித்தான், நான் அடித்தேன். பாதியில் அவன் குரல் உடைந்தது. நான் அடிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எனக்கும் உடைந்திருக்கும்.

திறந்தது. சான்று உள்ளே பத்திரமாக இருந்தது. அஜிதா அதைப் பார்க்கவே இல்லை. தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் கேட்டு மாமி பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்தார். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்ததா, எப்போது திரும்பிப் போகணும் என்று கேட்டார். "போகல்ல அம்மா" என்றான். மாமி எதற்கு என்று கேட்கவில்லை. கப்பைக்கிழங்கும் மீனும் இருக்கு, மொதல்ல தின்னு என்றார்.

டிசம்பர் 22, திங்கள்

சான்று நேற்றே போய்விட்டது. தேர்விலும் அவள் தேறியிருக்கிறாள். ஜனவரி ஆட்களோடு போவது உறுதி. சந்தோஷம்தான். நிஜமாகவே. நேற்றிரவு கேட்டேன், என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறாயே என்று. "பொறவு நீங்களும் வருவீங்கள்லா?" என்றாள்.

இன்றைக்கு விண்டோஸைப் புதிதாக மாற்றி முடித்தேன். அஜிதாவின் பாதி பளபளவென்று இருக்கிறது, அவள் பெயரே வருகிறது. திரும்ப ஆன் செய்தால் இரண்டு வரியும் வரவில்லை. நேராக விண்டோஸுக்குள்ளேயே போகிறது. அரையாண்டு வினாத்தாள் எல்லாவற்றோடும் என் பாதி எங்கேயோ கிடக்கிறது.

ஷைஜுவிடம் சொன்னேன். வரிசைதான் மாறியிருக்கும், எங்கேயும் போயிருக்காது, நாளைக்குக் காலையில் வந்து பார்க்கிறேன் என்றான்.

அவசரம் ஒன்றும் இல்லை, சாப்பிட வருகிற நேரத்தில் பார்த்தால் போதும் என்றேன்.