தினமும் தண்ணீர் குடித்த கள்ளி

அன்புள்ள அம்மா,

முட்டிவலி எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடு. அலாஸ்கா குளிரில் நான் நலம். நீ கொடுத்தனுப்பிய கிறிஸ்துமஸ் கள்ளிச்செடிதான் நலமில்லை.

ஹீட்டர் காற்றில் மேல்மண் தினமும் காய்ந்தது. நான் பம்பு இன்ஜினியர், காய்ந்தால் ஊற்றுவதுதானே? ஊற்றினேன். அடிமண் சேறாகி, அதில் பொடி ஈக்கள் பெருகி, கீழ்வீட்டு பெர்னிஸ் ஆன்ட்டியின் சூப்பில் போய் விழுந்தன.

சண்டைக்கு வந்தவர் தொட்டிக்குள் விரலை விட்டார். “இன்ஜினியராம்! குளிர்காலத்துல அது தூங்குதுடா. தினமும் எழுப்பி எழுப்பி ஊத்துவியா?” என்றபடி நிமிர்ந்தார். ஈ பிடிக்க நான் தொங்கவிட்டிருந்த மஞ்சள் பசை அட்டையில் அவர் தலைமுடி ஒட்டிக்கொண்டது. கத்தரிக்கோலால்தான் விடுவித்தேன்.

“ஈயெல்லாம் பறக்குது, மாட்டினது நான்!” என்று சிரித்துவிட்டார்.

அழுகிய கிளைகளை அவரே வெட்டிப்போட்டார். பிழைத்த ஒரே கிளை புது மண்ணில் நிற்கிறது. அது வேர்விட என்ன செய்யவேண்டும், சொல். நீ வாங்கும் சோளமாவும் ஒரு பை அனுப்பு. இங்கே விற்பது வாயில் வைக்க முடியவில்லை.

செடிக்கு வாரம் ஒருமுறை போதுமாம். வேலை முடிந்து வந்தால் தண்ணீர் ஊற்றும் வேலைகூட எனக்கு இப்போது இல்லை. நீ ஞாயிறு மட்டும் ஃபோன் செய்கிறாய். எனக்கு அது போதாது. தினமும் செய்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

கர்டிஸ்