இரண்டு முடிப் பருமனுள்ள ஊசிகள் வேண்டி

நோயாளியின் தொண்டையில் நீர் இறங்காமல் நூற்றுப்பத்து நாழிகை ஆகிவிட்ட வேளையில் எழுதுவது.

நெடுங்கோட்டு மலைகள் ஏழுக்கும் உரியவரும், ஊசியும் உளியும் செய்யும் கம்மியர் குடிகளைக் காப்பவரும், சொன்ன சொல் மாறாதவருமான மாவிறலோன் பெருமகனார் திருமுன், கடல்முக நாட்டு அரண்மனையில் அந்தப்புர மருத்துவம் பார்க்கும் எயினி வணங்கி எழுதிக்கொண்டது. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் உலைகள் அவியாதிருக்க. தங்கள் குடிகள் பசி அறியாதிருக்க. இன்னும் பல பட்டங்கள் சொல்லி வாழ்த்துவதே முறை. காலம் இல்லாமையால் குறைத்தேன், பொறுத்தருள வேண்டும்.

முந்தாநாள் எங்கள் முதலமைச்சர் மதியூரார் அரச முத்திரையிட்டுத் தங்களுக்கு ஓர் ஓலை அனுப்பினார். காய்ச்சல் தணிந்த பின் முகத்தின் வலப்பக்கம் தொய்ந்து, விழுங்கும் ஆற்றலும் பேச்சும் இழந்த ஒருவருக்கு ஊசி மருத்துவம் செய்யவேண்டும், அதற்குத் தங்கள் ஊசிச்சாலையிலிருந்து ஊசிகள் தந்துதவ வேண்டும் என்பது அதன் பொருள். நோய் பற்றி அதில் எழுதியது மெய். நோயாளி ஐம்பது வயது வாயிற்காவலர், பருத்த உடலினர் என்று எழுதியது பொய்.

தங்கள் ஊசிச்சாலைத் தலைவர் நன்னாகனார்மேல் குற்றமில்லை. சொன்ன உடலுக்குச் சரியான ஊசிகளையே அவர் தேர்ந்து கொடுத்தார். தடித்த கழுத்தில் தோலுக்கும் தசைக்கும் இடையே கொழுப்பு மிகுந்திருக்கும். மெல்லிய ஊசி அதில் வழியிலேயே வளையும். குட்டை ஊசி தசையைத் தொடாது. ஆகவே நான்கு தலைமுடிகளைச் சேர்த்துப் பிடித்த பருமனில், மூன்று விரல் நீளத்தில் ஏழு ஊசிகள் வந்தன. கொடுக்கும்போது அவர், இந்தக் காவலர் வாயிலைக் காக்கிறாரா அல்லது தாமே வாயிற்கதவாக நிற்கிறாரா என்று கேட்டு நகைத்தாராம். பின்னர் நகைப்பை நிறுத்தி, ஆள் வலி பொறுப்பவரா, தொட்டால் கூசுபவரா, ஊசி உடலில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்றும் வினவினாராம். தூதருக்கு விடை தெரியவில்லை. தெரியக்கூடாது என்றே அவரை அனுப்பியிருந்தார்கள்.

அந்த ஊசிகளுள் ஒன்றை முதலில் என் தாடைக்கு அடியில் ஏற்றிப் பார்த்தேன். நெடுநேரம் எச்சில் விழுங்க முடியவில்லை. ஆயினும் வேறு வழியின்றி, இன்னொன்றை நோயாளியின் தொண்டைக் குழிக்கு மேல், அரை விரல் ஆழம்கூடப் போகாமல், மெல்ல ஏற்றினேன். தசை இறுகி ஊசியைக் கவ்விக்கொண்டது. எடுத்தபோது குருதி வந்தது. அந்த இடம் கன்றி வீங்கியது. அவர் இன்னும் வலுவுள்ள இடக்கையால் என் கையைப் பற்றி, உள்ளங்கையில் விரலால் எழுதி, இது யானைக்கு வாங்கியதா என்று வினவினார். உதட்டின் ஒரு பக்கத்தால் சிரிக்கவும் செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீண்டும் ஏற்றினால் வீக்கம் மூச்சை அடைக்கும் என்பதால் மற்ற ஐந்தையும் தொடவில்லை.

எங்கள் நாட்டில் இதற்குரிய ஊசி இல்லை. துணி தைக்கும் ஊசியும் யானை வைத்தியர் வைத்திருக்கும் இரும்பு முள்ளுமே உண்டு. வெள்ளிக்கம்பியை நீட்டி ஊசியாக்க எங்கள் தட்டாரிடம் கொடுத்தேன். அது தோலைத் தொட்டதுமே மடங்கியது. எஃகை அவ்வளவு மெல்லியதாக இழுக்கும் கை தங்கள் மலையில்தான் இருக்கிறது.

ஆகவே இப்போது மெய்யான உடலைச் சொல்கிறேன். நன்னாகனார் இதைக்கொண்டு தேரட்டும். வயது பத்தொன்பது. மெலிந்த தேகம். கழுத்துத் தோலை இரு விரலால் கிள்ளி எடுத்தால் வெற்றிலையின் தடிப்புக்கு மேல் இல்லை. கீழே நரம்பு பச்சையாகத் தெரிகிறது. தொட்டால் கூசும் உடல். ஊசி நிற்கவேண்டியது ஒரு நாழிகை. இதற்கு இரண்டு முடிப் பருமன் போதும். தொண்டைக்கு ஒரு விரல் நீளமும், உதட்டோரத்துக்கும் கன்னத்துக்கும் அதில் பாதியும் வேண்டும். முனை மிகக் கூராக வேண்டாம். மிகக் கூரானது சிறு குருதிக் குழாய்களைக் கிழிக்கும். கைப்பிடி வழவழப்பாக இருந்தால் என் விரல் வியர்வையில் வழுக்குகிறது. செப்புக்கம்பி சுற்றிய பிடியே நல்லது. இவ்வளவு மெல்லிய ஊசி வெறுங்கையால் தள்ளினால் வளையும். ஆகையால் ஊசியை உள்ளே இட்டுத் தலையில் தட்டி ஏற்றுவதற்கு மயிலிறகுத் தண்டில் வெட்டிய குழல்களும் சேர்த்து அனுப்பவேண்டும். எங்கள் உப்புக்காற்றில் எஃகு ஓர் இரவில் துருவேறுகிறது. மூங்கிலில் நல்லெண்ணெய் நிரப்பி அதனுள் இட்டு அனுப்பினால் உதவியாகும்.

ஊசி ஏற்றினால் தொண்டை திறக்கும் என்று உறுதி கூற இயலாது. இதே நோயில் மூவருக்குத் திறந்ததைக் கண்டிருக்கிறேன், ஒருவருக்குத் திறக்கவில்லை. நனைத்த துணியால் உதட்டை ஈரமாக்குகிறோம். ஒரு துளி உள்ளே வழிந்தாலும் புரையேறி முகம் நீலம் பாய்கிறது. நாளை மாலைக்குள் ஊசி வராவிட்டால் அதன் பிறகு வரவேண்டியதில்லை.

முதலமைச்சரிடம் மெய்யை எழுதி மீண்டும் ஓலை விடும்படி வேண்டினேன். மெய் எழுதினால் தங்கள் படை மலையிறங்கும் என்றும், இந்தக் கரையில் வலை இழுக்கவும் ஆள் மிஞ்சாது என்றும், ஒரு கழுத்துக்காக ஒரு நாட்டையே கொடுக்கச் சொல்கிறாயா என்றும் அவர் வினவினார். ஊசி ஊசிதானே, இருப்பதைக்கொண்டு குத்து என்றும் சொன்னார். அவர் கொடியவர் அல்லர். கடந்த போரில் இரு மைந்தரை இழந்தவர். எங்கள் அரசர் கடற்பயணத்தில் இருக்கிறார். அவருக்குச் செய்தி எட்டாது.

ஆதலால் இவ்வோலை அமைச்சர் அறியாமல் வருகிறது. கொண்டுவருபவர் தங்கள் நாட்டு உப்பு வணிகர் கடுவனார். அவருக்கு இதில் உள்ளது தெரியாது. அவரை வருத்த வேண்டாம். அரச முத்திரை என்னிடம் இல்லை. விளக்குக் கரியில் என் வலப்பெருவிரலை ஒற்றி அதற்கு ஈடாகப் பதித்திருக்கிறேன். பிழை உண்டென்றால் இந்த விரலுக்கு உரியவளைத் தண்டிக்க.

தங்களுக்குக் கட்டளையிடும் தகுதி எனக்கு இல்லை. ஆயினும் கேட்கும் காலம் கடந்துவிட்டது என்பதால் கட்டளையாகவே எழுதுகிறேன். ஊசிகள் இவ்வோலை கண்ட நாழிகையிலேயே புறப்படுக. குதிரை மாற்றும் சாவடி ஒவ்வொன்றிலும் வழி விடுக. படை புறப்பட வேண்டாம். புறப்பட்டே தீரும் என்றால் ஊசிக்குப் பின்னால் வருக.

இம்முறை யாருடைய கழுத்து என்று நன்னாகனார் கேட்பார். நான்கு ஆண்டுகளுக்கு முன் போர் நின்ற நாளில், அமைதிக்குப் பிணையாகத் தாங்கள் எங்களிடம் ஒப்படைத்த தங்கள் மகள் குவளையின் கழுத்து.