எட்டுக் கயிற்றுக் கோலாட்டம்

புந்தோங், ஈப்போ
8.5.1978

மதிப்பிற்குரிய ஆசிரியை திருமதி நவமணி அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்டு மாதம் ஈப்போவில் நடக்கும் இளையோர் கலை விழாவுக்கு, பட்டணத்துப் பள்ளி ஒவ்வொன்றோடும் ஒரு தோட்டப் பள்ளியைச் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் பள்ளியோடு தங்கள் பள்ளி. சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தார்கள், இதில் என் கை எதுவும் இல்லை. நமக்கிடையே தூது போகும் ஐயாவு மாமா கேட்டாலும் இதையே சொல்லவும்.

எட்டுப் பிள்ளைகள், ஏழு நிமிடம். எந்த ஆட்டம் என்பதைத் தாங்களே முடிவு செய்யலாம். எனக்கு உடற்பயிற்சியைத் தவிர வேறொன்றும் வராது என்பது தங்களுக்குத் தெரிந்ததே.

தோட்டத்து வேலையை விட்டுவிட்டோ, மாற்றல் வாங்கிக்கொண்டோ புந்தோங்குக்கு வந்து என்னோடு இருப்பீர்களா என்ற கேள்விக்கு, விழா முடிந்ததும் பதில் தருவதாக மாமாவிடம் சொன்னீர்களாம். நல்லது. இரண்டு வருடம் பொறுத்துவிட்டேன், இதையும் பொறுப்பேன். ஆனால் இனி ஒரு முறை கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
க. பத்துமலை
உடற்பயிற்சி ஆசிரியர்

---

தோட்டத் தமிழ்ப்பள்ளி, பாகான் செராய்
17.5.1978

மதிப்பிற்குரிய ஐயா,

நலம். நலமறிய ஆவல். கட்டிய மனைவிக்குத் 'திருமதி' போட்டு எழுதுகிற கணவர் பேராக் மாநிலத்திலேயே நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். உறையைப் பார்த்துத் தலைமையாசிரியர் ஜெயபாலன் சிரித்தார்.

பின்னல் கோலாட்டம் ஆடலாம். உச்சியில் கட்டிய எட்டுக் கயிற்றைப் பிள்ளைகள் ஆளுக்கொன்றாகப் பிடித்து வட்டமாக நிற்பார்கள். உங்கள் பிள்ளை ஒன்று, எங்கள் பிள்ளை ஒன்று என்று மாற்றி மாற்றி நிற்கட்டும். நால்வர் ஒரு பக்கமும் நால்வர் எதிர்ப்பக்கமும் ஒருவரை ஒருவர் சுற்றிப் போனால் கயிறு சடையாகப் பின்னும். வந்த வழியே திரும்பினால் அவிழும். உங்கள் பிள்ளைகள் வலப்பக்கம் தொடங்கட்டும். எங்கள் பிள்ளைகள் இடப்பக்கம்.

இங்கே ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை உத்திரத்தில் கயிறு கட்டியிருக்கிறேன். மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர்கள் அதை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுப் போன பிறகுதான் ஒத்திகை. பிள்ளைகளில் இருளாயி என்று ஒருத்தி, நாலாம் வகுப்பு. ஆட்டம் சுமார், வாய் அதிகம்.

மற்றதற்குப் பதில் விழா முடிந்ததும்.

இப்படிக்கு,
நவமணி

---

புந்தோங்
21.6.1978

ஆசிரியை அவர்களுக்கு,

கடிதத்தில் உள்ளபடியே பழக்கி வருகிறேன். உங்கள் நால்வருக்குப் பதிலாக நான்கு நாற்காலிகளை நிறுத்தியிருக்கிறேன். நாற்காலிகள் மிகவும் ஒழுங்காக நடந்துகொள்கின்றன.

போன கடிதத்தைக் கொண்டுவந்த உங்கள் தலைமையாசிரியர் உங்களுக்கு இருமல் என்றார். இது பள்ளி விஷயம் அல்ல. பதில் எழுத வேண்டியதில்லை.

க. பத்துமலை

---

பாகான் செராய்
12.7.1978

ஐயா,

இருமல் போய்விட்டது.

இங்கே உங்கள் பிள்ளைகளுக்குப் பதிலாகப் பால் வாளிகள் நிற்கின்றன. இருளாயி தினமும் ஒன்றையாவது உதைத்துவிட்டு, "டீச்சர், ஈப்போ புள்ள வழியில நிக்குது" என்கிறாள்.

மேனேஜர் லாரி தருவதாகச் சொல்லியிருக்கிறார். விழா நாளான சனிக்கிழமை பாலை ஆலையில் இறக்கிவிட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளும். மதியத்துக்குள் வந்துவிட்டால் சேர்ந்து ஒரு முறை ஆடிப் பார்த்துவிடலாம்.

நவமணி

---

பாகான் செராய்
7.8.1978

அன்புடையீர்,

பிள்ளைகள் பத்திரமாக வீடு சேர்ந்தார்கள். லாரி தாமதமானதற்கு நான் என்ன செய்வது? ஆலையில் வரிசை. நாங்கள் மண்டபத்துக்குள் நுழைகிறோம், மைக்கில் நம் பெயரைக் கூப்பிடுகிறார்கள். ஒத்திகைக்கு எங்கே நேரம்?

நீங்கள் மேடைக்கு அந்தப் பக்கம் நின்றீர்கள், நான் இந்தப் பக்கம். மத்தளம் தொடங்கியதும் எட்டுப் பேரும் ஒரே பக்கமாக ஓடினார்கள். பின்னவும் இல்லை, ஒன்றும் இல்லை, ராட்டினம் மாதிரி சுற்றினார்கள். சபை சிரித்தது. அப்புறம் இருளாயி போட்ட சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கும்: "ஏய், நம்ம ஆளுங்க திரும்புங்கடி! அவங்க திரும்ப மாட்டாங்க லா!" எங்கள் நால்வரும் திரும்பினார்கள். அதன்பின் சடை விழுந்தது. அவிழ்ப்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

நடுவர் மைக்கைப் பிடித்து, "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் பயிற்சி வேண்டும்" என்று ஆரம்பித்தார். நீங்கள் விறுவிறுவென்று மேடையேறி, "தப்பு பிள்ளைங்களோடது இல்லைங்க, என்னோடது. நான்தான் பக்கத்தை மாத்திச் சொல்லிக் குடுத்துட்டேன்" என்றீர்கள். அத்தனை பேர் முன்னால்.

விழா முடிந்து எல்லோரும் மண்டபத்துப் பக்கத்து ரஹீம் அண்ணன் கடையில் பரோட்டா சாப்பிடும்போது உங்கள் மாணவி ஒருத்தியிடம் கேட்டேன். "சார் எங்களை லெஃப்ட்ல போகச் சொன்னாரு டீச்சர்" என்றாள். நான் வலப்பக்கம் என்றல்லவா எழுதியிருந்தேன்?

நவமணி

---

புந்தோங்
14.8.1978

நவமணிக்கு,

நீ எழுதியது வலப்பக்கம்தான். ஆனால் கயிற்றுக்கு நடுவில் பிள்ளைகளைப் பார்த்து நின்றுகொண்டு எழுதியிருப்பாய், அது உன் வலப்பக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். எதிரில் நிற்பவருக்கு அது இடப்பக்கம். உடற்பயிற்சி ஆசிரியனுக்கு இந்தப் பழக்கம் போகாது. நீயோ பிள்ளைகள் பக்கமிருந்தே யோசித்து எழுதியிருக்கிறாய். இருவரும் பிள்ளைகளுக்காகத் திருப்பினோம், அது இரண்டு முறை திரும்பிவிட்டது.

ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்டால் மற்ற பேச்சும் வந்துவிடுமோ என்று கேட்கவில்லை.

மேடையேறியதற்கு நன்றி எதுவும் சொல்லாதே. அந்த ஆள் பேசியது எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

விழா முடிந்துவிட்டது. உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

பத்துமலை

---

பாகான் செராய்
22.8.1978

அன்புள்ள உங்களுக்கு,

வரமாட்டேன்.

சுற்றி வளைக்காமல் எழுதிவிட்டேன், கோபிக்காதீர்கள். நான் போனால் ஆறு வகுப்பும் தலைமையாசிரியர் ஒருவர் தலையில் விழும். உண்மையைச் சொன்னால் காரணம் அது மட்டும் இல்லை. எனக்கு இங்கே பிடித்திருக்கிறது. காலையில் பிள்ளைகள் பால் நாற்றத்தோடு வந்து உட்காருவதுகூடப் பிடித்திருக்கிறது. அதை நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

உங்களைப் பிடிக்காமல் இல்லை. நீங்கள் மேடையில் நின்றபோது பக்கத்து டீச்சரிடம், "அவருதான் என் வீட்டுக்காரர்" என்றேன். பெருமையோடுதான் சொன்னேன். அன்று லாரியில் வரும்போது அழுகையும் வந்தது.

இரண்டு வருடமாக நீங்களும் மாமாவும் நானும் ஒரே கேள்வியைத்தான் வைத்துக்கொண்டு இருந்தோம்: நவமணி புந்தோங்குக்கு வருவாளா, மாட்டாளா? நீங்கள் இங்கே வருவீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் உங்கள் மரியாதை குறைந்துவிடும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். என் முட்டாள்தனம்.

இப்போது கேட்கிறேன். இங்கே ஓர் ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறது. வருவீர்களா?

மாட்டேன் என்றாலும் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள்
நவமணி

---

புந்தோங்
4.9.1978

நவமணி,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. முதலில் கோபம் வந்தது. பிறகு யார்மேல் கோபம் என்று யோசித்தேன், சரியாகப் பிடிபடவில்லை. மாமாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

வருகிற பதினாறாம் தேதி சனிக்கிழமை புறப்படுகிறேன். முதலில் இடத்தைப் பார்க்கிறேன், தலைமையாசிரியரிடம் பேசுகிறேன்.

பாகான் செராயிலிருந்து உங்கள் தோட்டத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? இரண்டு வருடம் ஆகியும் அது எனக்குத் தெரியாது.

பத்துமலை