கெண்டைக்குத் தோஷமில்லை

கோமதியம்மன் துணை

கரிவலம்வந்தநல்லூர்
3-5-83

அன்புள்ள அத்தானுக்கு, தங்கத்தாய் எழுதுவது. நானும் சின்னவள் கோமதியும் இருக்கிறோம். பம்பாயில் உங்களுக்கு வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா?

"நான் வருமுன் மூத்தவளை ஏன் அடக்கம் பண்ணினீர்கள்?" என்று கோபமாக எழுதியிருந்தீர்கள். வைத்திருக்கிற நிலையில் முத்துத்தாய் இல்லை. பசிக்கு அல்லிக்கிழங்கு தோண்டப் போனவள் குளத்துப் பள்ளத்தில் வழுக்கி விழுந்து, மூன்றாம் நாள்தான் மிதந்தாள். முகத்தை என்னிடமே காட்டவில்லை. இதற்குமேல் கேட்காதீர்கள்.

மழை இல்லை. குளம் அந்தப் பள்ளத்தளவுக்குச் சுருங்கிவிட்டது. மீனெல்லாம் அதற்குள் முட்டிமோதிக் கிடக்கின்றன. பிள்ளை செத்த குளமென்று ஊரில் ஒருவரும் தொடவில்லை. பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாயின் மகன் புளியங்கொட்டையை வறுத்துத் தின்று வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கிறான்.

நேற்று ஊர்ப்பெரியவர் ராமசுப்பு அண்ணாச்சி நாலு பேரோடு வந்து வாசலில் நின்றார். "விராலும் கெளுத்தியும்தான் கண்டதையும் திங்கும், அதைப் புதைச்சிருவோம். கெண்டை பாசி திங்குத மீனுல்லா தாயி, அதுக்குத் தோஷம் கிடையாது. நீ சொன்னாத்தான் வலையை இறக்குவோம்" என்றார். என் முகத்தைப் பார்த்துப் பேச அவரால் முடியவில்லை.

எனக்கு உங்கள் நினைப்புதான் வந்தது. கல்யாணமான புதிதில், குளத்தில் வலை இழுத்துவிட்டு வந்து மீன் வயிற்றைக் கீறிக் காட்டுவீர்களே. குளம் நிறைந்திருந்தால் கெண்டைக்குப் பாசி, கெளுத்திக்குச் சேறு, விராலுக்குக் குஞ்சுமீன் என்று தனித்தனிச் சாப்பாடு. தண்ணீர் வற்றினால் எல்லாம் ஒரே இடத்தில் வாய் வைக்கும், கெண்டையும் கிடைத்ததைத் தின்னும் என்பீர்கள்.

அதைச் சொல்லிவிட வாய்வரை வந்தது. ஆறுமுகத்தாய் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நின்றாள். "பிடிங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன்.

முதல் பங்கு நம் வீட்டுக்கு வந்தது. நான் தொடாமல் ஊரும் தொடாது. குழம்பு வைத்துக் கோமதிக்கு ஊட்டினேன். அவள் இன்னும் வேண்டுமென்று கேட்டாள். எல்லாரும் பார்க்க நானும் ஒரு வாய் தின்றேன் அத்தான். பெற்ற வயிறு பற்றி எரிகிறது. இதை உங்களைத் தவிர யாரிடம் சொல்வேன்?

ஆறுமுகத்தாயின் மகன் இன்று எழுந்து உட்கார்ந்தான்.

உங்களை ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். ஊருக்கு வரும்போது கட்டாயம் உங்களிடம் கேட்பார்கள், வலை இழுத்தவர் அல்லவா. கெண்டை பாசிதான் தின்னும் என்று நீங்களும் சொல்ல வேண்டும். எனக்காக வேண்டாம், தின்ற பிள்ளைகளுக்காகச் சொல்லுங்கள்.

உங்கள்
தங்கத்தாய்